பத்தாவது இடத்தில் அழித்த பாட்டு

போன பொங்கலுக்கு ராஜபாளையம் போயிருந்தபோது அம்மா பரணில் இருந்து நாலு நோட்டுகளை எடுத்துக் கொடுத்தார். 'இதுல எலி மூத்திரம் போயிருக்கு, வேணும்னா வச்சுக்கோ, இல்லைன்னா தூக்கிப் போட்டுருவேன்' என்றார். கோடு போட்ட நோட்டுகள். முதல் நோட்டின் அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் 'டாப் 10' என்று எழுதி, அதற்குக் கீழே என் பெயரும் வகுப்பும் பிரிவும் இருந்தன. 2001 ஜூனில், ஏழாம் வகுப்பில் தொடங்கியது. பதினொன்றாம் வகுப்பு முடியும்வரை ஞாயிற்றுக்கிழமைதோறும் எழுதியிருக்கிறேன். பரீட்சை வாரங்கள், டைபாய்டு வந்த ஒரு மாதம் தவிர்த்தால் இருநூறு வாரங்களுக்கு மேல் தேறும். பன்னிரண்டாம் வகுப்பு வந்ததும் நோட்டு பரணுக்குப் போனது. நான் கோச்சிங்குக்குப் போனேன்.

ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம். பாட்டு, படம், இசையமைப்பாளர். அதற்குப் பக்கத்தில் மூன்று கட்டங்கள்: இந்த வாரம் எத்தனையாவது, போன வாரம் எத்தனையாவது, மொத்தம் எத்தனை வாரம். இதெல்லாம் டிவி நிகழ்ச்சிகளைப் பார்த்துச் சுட்டது. என் சொந்த விதி ஒன்றே ஒன்று: ஒரு படத்துக்கு இரண்டு பாட்டுக்கு மேல் கிடையாது. இல்லாவிட்டால் 'மின்னலே'யே ஐந்து இடத்தைப் பிடித்து உட்கார்ந்துகொள்ளும். எல்லாமே பென்சில் எழுத்து. ஞாயிறு ராத்திரி தூங்குகிறவரை இடம் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால்.

சென்னைக்குத் திரும்பியதும் எங்கள் தொழிலில் செய்கிற காரியத்தைத்தான் செய்தேன். எல்லாவற்றையும் ஒரு ஷீட்டில் அடித்தேன். முதலிடத்துக்குப் பத்துப் புள்ளி, பத்தாவது இடத்துக்கு ஒரு புள்ளி என்று வைத்துக் கூட்டினால் ரஹ்மான் முதலில் வந்தார், ஹாரிஸ் ஜெயராஜ் இரண்டாவது, யுவன் மூன்றாவது, வித்யாசாகர் நாலாவது. படங்களில் 'கன்னத்தில் முத்தமிட்டால்' முதலில். பார்த்தவுடனே ஒரு சின்னக் கர்வம் வந்ததை மறைக்க விரும்பவில்லை. பதிமூன்று வயதுப் பையன் எவ்வளவு சரியாகக் கணித்திருக்கிறான்! அந்தப் படத்துக்காக ரஹ்மானுக்கும் வைரமுத்துவுக்கும் தேசிய விருது கிடைத்ததே.

அந்தக் கர்வம் இரண்டு நாள்தான் தாங்கியது. ஷீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பதை விட்டுவிட்டு யார் இல்லை என்று பார்க்க ஆரம்பித்தேன். தேவா இரண்டே முறை. எஸ்.ஏ.ராஜ்குமார் ஒரே முறை. 2002-ல் தமிழ்நாட்டில் குழந்தை முதல் கிழவர் வரை கையைத் தூக்கிக் கத்திய அந்த 'ஜெமினி' பாட்டு ஒரு வாரம்கூட இல்லை. தினா என்ற பெயரே இல்லை.

'திருடா திருடி' வந்த 2003-ல் நீங்கள் தமிழ்நாட்டில் இருந்திருந்தால், தினா இல்லாத ஒரு பாடல் பட்டியல் எவ்வளவு பெரிய பொய் என்று உங்களுக்குத் தெரியும். நம்மில் சிலர் அப்போது பிறந்தே இருக்க மாட்டீர்கள், அதனால் சொல்கிறேன்: அந்த வருடம் ஆகஸ்ட் ஒன்றாம் தேதி 'காக்க காக்க' வந்தது. மாதக் கடைசியில் 'பாய்ஸ்'. செப்டம்பர் தொடக்கத்தில் 'திருடா திருடி'. என் நோட்டில் அந்த மாதங்கள் முழுக்க முதல் இரண்டு படங்களும்தான் மாறி மாறி அடித்துக்கொள்கின்றன. ஊரிலோ மூன்றாவது படத்தின் ஒரே ஒரு பாட்டு. சங்கர் மகாதேவனும் மாலதியும் பாடியது, யுகபாரதி எழுதியது. சத்திரப்பட்டி போகிற மினி பஸ்ஸில் அது, முடி வெட்டுகிற கடையில் அது, காதுகுத்தில் அது, ஆண்டு விழாவில் அது. காதில் விழாமல் தப்பிக்க வழியே இல்லாத பாட்டு ஒருவனுடைய நோட்டில் விழாமல் தப்பித்திருக்கிறது. இது ரசனையால் நடந்ததல்ல, வேலை மெனக்கெட்டுச் செய்தது.

கொஞ்சம் பின்னால் போகிறேன். பாட்டை வரிசைப்படுத்தும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடினால் 1952 என்ற வருடம் இரண்டு இடங்களில் தட்டுப்படுகிறது. அந்த வருடக் கடைசியில் லண்டனில் 'நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸ்' பத்திரிகை, சுமார் இருபது இசைத்தட்டுக் கடைகளுக்குப் போன் போட்டு என்ன விற்கிறது என்று கேட்டு, பிரிட்டனின் முதல் விற்பனைப் பட்டியலை வெளியிட்டது. அதே வருடக் கடைசியில் இலங்கை வானொலியில் அமீன் சயானியின் 'பினாக்கா கீத்மாலா' தொடங்கியது. அந்தக் காலத்தில் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்குக் கெடுபிடி. அமைச்சர் பி.வி.கேஸ்கருக்கு சாஸ்திரிய சங்கீதம்தான் சங்கீதம். அதனால் இந்தியாவின் முதல் ஹிட் பட்டியல் கொழும்பில் இருந்து ஒலிபரப்பானது. இடங்களுக்கு சயானி வைத்த சொல்லுக்குப் 'படி' என்று அர்த்தம். பாட்டு ஒவ்வொரு வாரமும் படி ஏறும், இறங்கும். 2024 பிப்ரவரியில் அவர் இறந்தபோது, எழுபது எண்பது வயதுக்காரர்கள் எந்த வருடத்தில் எந்தப் பாட்டு முதல் படியில் இருந்தது என்று மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

தமிழில் அதே இலங்கை வானொலி நமக்குப் பழக்கியது வேறொன்று: நேயர் விருப்பம். அங்கே பாட்டுக்கு நம்பர் கிடையாது. கேட்டவர்களின் பெயர் உண்டு, ஊர் உண்டு. ஒரு பாட்டுக்கு முன்னால் பதினைந்து பெயர்களை மூச்சு விடாமல் வாசிப்பார்கள். எங்கள் காலத்தில் கோடை பண்பலையும் அதைத்தான் செய்தது. மலைக்கு மேலே இருந்து தென்மாவட்டம் முழுக்கப் பாய்கிற 100.5-ல், கழுகுமலையில் இருந்து ஒருத்தர், போடியில் இருந்து ஒருத்தர், அவர்கள் இருவரும் சேர்ந்து கேட்கும் பாட்டு. ஆக ஒரு பாட்டின் மதிப்பு என்பது அதை யார் யாரோடு சேர்ந்து கேட்டார்கள் என்பதுதான். தரவரிசை நமக்கு டிவி வழியாகத் தாமதமாக வந்து சேர்ந்தது. நான் அதில்தான் விழுந்தேன்.

சரி, யாருக்காக எழுதினேன்? இது எனக்கு நன்றாகத் தெரியும், ஒத்துக்கொள்ளத்தான் இருபது வருடம் ஆனது. அப்பாவோடு பிறந்தவர்கள் மூன்று பேர். பெரியப்பா வேலை கிடைத்துச் சென்னைக்குப் போனார். அப்பா ஸ்பின்னிங் மில்லில் ஷிப்டு. சித்தப்பா மைக் செட். பெரியப்பா மகனான அண்ணன் லீவுக்கு வரும்போது வாக்மேனோடு வருவான். இங்கிலீஷ் பாட்டு கேட்பான். வந்த முதல் நாளே, 'எங்கடா உன் நோட்டு, காட்டு' என்பான். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, சில பாட்டுகளுக்குப் பக்கத்தில் டிக் அடிப்பான். 2001 தீபாவளிக்கு எட்டாம் இடத்தில் இருந்த ஒரு பாட்டைப் பார்த்து, 'என்னடா இது, டப்பாங்குத்தெல்லாம் வச்சிருக்க' என்றான். கேலியாகக்கூட இல்லை, சும்மா சொன்னான். அதற்குப் பிறகு என் நோட்டில் டப்பாங்குத்து கிடையாது. ஒரே ஒரு வாக்கியத்தில் ஒரு விமர்சனப் பள்ளி உருவாகிவிட்டது.

2003 தீபாவளி கழிந்த ஞாயிற்றுக்கிழமை மொத்தக் குடும்பமும் அய்யனார் கோவிலுக்குப் போனோம். ஐப்பசி மழையில் அருவியில் நல்ல தண்ணீர். ராஜபாளையத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: ஊருக்கு மேற்கே, மாந்தோப்பும் தென்னந்தோப்பும் தாண்டி, மலை அடிவாரத்தில் காட்டுக்குள் இருக்கிறது. நீர் காத்த அய்யனார் என்று பெயர். பெயருக்கு ஏற்ற மாதிரி அந்த மலையில் இருந்து வருகிற தண்ணீர்தான் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் சேர்ந்து ஊருக்குக் குடிக்க வருகிறது. பொங்கல் வைத்துச் சாமி கும்பிட்டு, குளித்துவிட்டு வருவதாக ஏற்பாடு. ஒரு டெம்போ வேன். சித்தப்பா தன்னுடைய ஆம்ப்ளிஃபயரையும் இரண்டு பாக்ஸையும் வேனில் ஏற்றிவிட்டார். போகும்போது பிள்ளையார் பாட்டு, அப்புறம் எல்.ஆர்.ஈஸ்வரி. எல்லாரும் பக்தியாக உட்கார்ந்திருந்தார்கள்.

திரும்பும்போது ஆறாவது மைல் தாண்டியதும் சித்தப்பா அந்தப் பாட்டைப் போட்டார். ஈரத்துணியோடு முதலில் எழுந்து ஆடியது பெரியம்மா. சென்னைப் பெரியம்மா. அப்புறம் அத்தைகள். அப்பா, தன் வாழ்நாளில் நான் பார்த்த ஒரே தடவையாக, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இடுப்பை அசைத்தார். நான் ஆடினேன். அண்ணனும் ஆடினான். வேன் டிரைவர் ஸ்டியரிங்கில் தாளம் போட்டார். வண்டி குலுங்கியது ரோட்டினாலா எங்களாலா தெரியாது. ஊர் வந்துசேர்வதற்குள் அதை நாலு தடவை போட்டோம்.

அன்று ராத்திரி நோட்டை எடுத்து எழுதினேன். அந்தப் பக்கம் இப்போது என் மேஜை மேல் இருக்கிறது. முதலிடம் 'பாய்ஸ்', இரண்டாமிடம் 'காக்க காக்க'. பத்தாவது இடத்தில் 'காதல் கொண்டேன்' என்று இருக்கிறது. அந்த இடத்தில் மட்டும் பேப்பர் அழுக்காக, மெலிந்து கிடக்கிறது. விளக்குக்கு நேராகப் பிடித்தால் கீழே அழித்த எழுத்து தெரிகிறது. 'திரு' நன்றாகவே வாசிக்க முடிகிறது. அண்ணன் மறுநாள் காலைதான் ரயிலேறினான். கிளம்புவதற்கு முன்னால் நோட்டைக் கேட்பான் என்று எனக்குத் தெரியும். அவனும் சேர்ந்து ஆடிய பாட்டைத்தான் அவன் பார்க்கக் கூடாதென்று அழித்திருக்கிறேன். இத்தனைக்கும் பத்தாவது இடத்தில்தான் வைத்திருந்தேன்!

பில்போர்டு பத்திரிகையின் கதை இங்கே ஞாபகம் வருகிறது. பல வருடங்களாக அவர்களுடைய ஆல்பம் பட்டியல், கடைக்காரர்கள் சொல்வதை வைத்துத்தான் தயாரானது. எது நல்லா போகுது என்று கேட்பார்கள், கடைக்காரர் தன் ஞாபகத்தில் இருந்தோ, தன் விருப்பத்தில் இருந்தோ, கம்பெனிக்காரன் கொடுத்த ஓசி டேப்பின் நன்றியில் இருந்தோ ஒரு பதில் சொல்வார். 1991 மே மாதம் இதை மாற்றி, கல்லாவில் ஸ்கேன் ஆகிற கணக்கையே நேரடியாக எடுக்க ஆரம்பித்தார்கள். அடுத்த மாதமே, ரேடியோவில் போடவே தயங்கிய என்.டபிள்யூ.ஏ. என்ற ராப் குழுவின் ஆல்பம் முதலிடத்துக்கு வந்தது. செப்டம்பரில் கார்த் புரூக்ஸின் கன்ட்ரி இசை ஆல்பம், வந்த வாரத்திலேயே முதலிடம். ஒரே மாதத்தில் அமெரிக்கர்களின் காது மாறிவிடவில்லை. கறுப்பின இளைஞர்களும் கிராமத்து வெள்ளையர்களும் வாங்கியதைக் கடைக்காரர்கள் அதுவரை சரியாகச் சொல்லவில்லை, அவ்வளவுதான். டேட்டாவில் கோளாறு என்று நாங்கள் ஆபீசில் சொல்கிற பல விஷயங்கள், விசாரித்துப் பார்த்தால், கணக்குச் சொன்னவரின் கூச்சமாகத்தான் இருக்கும்.

தமிழில் திரையிசை பற்றி நாம் எழுதுவதும் என் நோட்டு மாதிரிதான் இருக்கிறது என்பது என் புகார். விஸ்வநாதன், இளையராஜா, ரஹ்மான் என்று மூன்று படிகள் கட்டி வைத்திருக்கிறோம். நல்ல கட்டுரைகள் வந்திருக்கின்றன, மறுக்கவில்லை. இளையராஜாவின் இடையிசை பற்றி நான் படித்த சில கட்டுரைகள் என் காதையே மாற்றியவை. ஆனால் 'அண்ணாமலை'யில் இருந்து 'பாட்ஷா', 'ஆசை', 'காதல் கோட்டை', 'வாலி', 'குஷி' வரை தொண்ணூறுகளின் பாதியைத் தூக்கிச் சுமந்த தேவாவைப் பற்றி அதே கவனத்தோடு எழுதப்பட்ட எத்தனை பக்கங்களை நீங்கள் வாசித்திருக்கிறீர்கள்? தேவா என்றாலே எங்கிருந்து எடுத்தார் என்ற பேச்சுத்தான். அந்தப் பேச்சில் உண்மை இருக்கட்டும். ஆனால் கானாவை, வடசென்னையின் தாளத்தை, ஒரு ரஜினி படத்தின் நடுவில் எந்தக் கூச்சமும் இல்லாமல் கொண்டுவந்து உட்கார வைத்தது எப்படி என்று கேட்க வேண்டாமா? சங்கர்-கணேஷ், சந்திரபோஸ் எல்லாம் இன்னும் மோசம், அவர்கள் பெயர் கிண்டலுக்கு மட்டும்தான் வருகிறது.

இப்போது காற்று மாறியிருக்கிறது என்பீர்கள். ஆமாம், தேவா ஃபேஷனாகிவிட்டார். கச்சேரிக்கு டிக்கெட் எடுத்துப் போய் ஆடுகிறோம். 'அண்டர்ரேட்டட்' என்று எழுதி நெருப்புக் குறி போடுகிறோம். நானும் போட்டிருக்கிறேன். ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா, 'அண்டர்ரேட்டட்' என்று எழுதும்போது நாம் பாட்டைப் பற்றிப் பேசவில்லை, மற்றவர்கள் கவனிக்காததைக் கவனித்த நம்மைப் பற்றித்தான் பேசுகிறோம். ஊரே கேட்ட பாட்டு எப்படி அண்டர்ரேட்டட் ஆகும்? யாருடைய ரேட்டிங்கில்? பதினான்கு வயதில் ஒரு அண்ணனுக்காக அழித்தேன். முப்பத்தைந்து வயதில் வேறு சில அண்ணன்களுக்காக அதையே திரும்ப எழுதுகிறேன். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கனடாக்காரரான கார்ல் வில்சன் 2007-ல் ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். தனக்குப் பிடிக்கவே பிடிக்காத செலின் டியோனின் ஒரு ஆல்பத்தைப் பற்றி முழுப் புத்தகம். ஏன் பிடிக்கவில்லை, அதைப் பிடித்தவர்கள் யார், அவர்களைப் பார்த்து நான் ஏன் கூசுகிறேன் என்று தன்னையே குடைந்துகொண்டு போகிறார். அந்த மாதிரி ஒன்று தமிழில் எஸ்.ஏ.ராஜ்குமார் பற்றி வரவேண்டும் என்பது என் ஆசை. 'சூர்யவம்சம்' இன்றும் டிவியில் போட்டால் என் மாமியார் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருகிறார். அந்தக் கோரஸில் அவருக்கு என்ன கிடைக்கிறது என்று எனக்கு நிஜமாகவே தெரியவில்லை, கேட்டதும் இல்லை.

நேர்மையான கணக்கு வந்துவிட்டால் தீர்ந்துவிடுமா? ஸ்பாட்டிஃபை 2019-ல் இந்தியாவுக்கு வந்ததில் இருந்து என் காதின் கல்லாவில் ஒவ்வொன்றும் ஸ்கேன் ஆகிறது. வருடக் கடைசியில் அதுவே பட்டியல் போட்டுக் கலர் கலராகக் காட்டுகிறது. இங்கே யாரும் எதையும் அழிக்க முடியாது. போன வருடம் என் முதலிடம் என்ன தெரியுமா? ஒரு மழைச் சத்தம். குழந்தையைத் தூங்க வைக்க ராத்திரி முழுக்க ஓடியது. இரண்டாவது, வேலை செய்யும்போது போடுகிற, வார்த்தையே இல்லாத ஏதோ ஒரு பியானோ. எந்தத் தருணத்தில் ஓடியது, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று அந்தக் கணக்குக்குத் தெரியாது. பொய் சொல்லாத பட்டியல், ஆனால் அதில் நான் இல்லை. அதைவிட அந்த அழித்த பக்கத்திலேயே நான் அதிகமாக இருக்கிறேன்.

சித்தப்பாவுக்கு என்று ஒரு கணக்கு இருந்தது. நோட்டு எழுதிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு நாள் அவர் கடையில் உட்கார்ந்திருந்தேன். நோட்டை வாங்கிப் புரட்டிவிட்டு, 'இதுல நம்ம பாட்டு ஒண்ணுகூட இல்லையேடா' என்றார். அப்புறம் பின்னால் இருந்த கேசட் ஷெல்ஃபைக் காட்டினார். 'எந்தக் கேசட்டை ரெண்டாவது தடவ வாங்குறேனோ அதுதான் ஹிட்டு. போட்டுப் போட்டு நாடா இழுத்துரும். அப்படி நான் ஈஸ்வரி அம்மா மாரியம்மன் பாட்டை எத்தனை தடவ வாங்கியிருக்கேன் தெரியுமா?' எனக்கு அப்போது அது சிரிப்பாக இருந்தது. சாமி பாட்டெல்லாம் டாப் 10-ல் வருமா என்ன?

மைக் செட் இப்போது இல்லை. கூம்புக் குழாய்க்குத் தடை, ராத்திரி பத்து மணிக் கட்டுப்பாடு, அப்புறம் மண்டபங்களிலேயே சவுண்ட் சிஸ்டம், எல்லாம் சேர்ந்து முடித்துவிட்டன. ஆம்ப்ளிஃபயரை மட்டும் விற்காமல் வைத்திருக்கிறார். இந்தக் கட்டுரைக்காகப் போன மாதம் போன் போட்டேன்.

'சித்தப்பா, உங்களோட டாப் 10 சொல்லுங்க, எழுதிக்கிறேன்.'

'எந்த விசேஷத்துக்கு?'

'விசேஷமெல்லாம் இல்ல சித்தப்பா. சும்மா, உங்களுக்குப் பிடிச்ச பத்துப் பாட்டு.'

'அது எப்படிடா சும்மா? கல்யாணமா, சடங்கா, கொடையா, எழவு வீடா? எழவுன்னா டி.எம்.எஸ். பட்டினத்தார் படத்துல பாடினதுதான் மொதல்ல. அதக் கொண்டுபோய்க் காதுகுத்துல போட முடியுமா? கல்யாணத்துக்குக் காலையில சீர்காழியோட பிள்ளையார் பாட்டு, அதுல மாத்தமே கிடையாது. பொண்ணு அழைக்கிறப்ப ஒண்ணு, சாப்பாட்டுப் பந்தியில ஒண்ணு. பந்தியில சோகப் பாட்டுப் போட்டா சமையக்காரனே வந்து திட்டுவான்.'

நாற்பது நிமிடம் பேசினார். விசேஷத்துக்கு விசேஷம் முதலிடம் மாறிக்கொண்டே இருந்தது. மொத்தமாக எது ஒன்றாவது என்று நான் இரண்டு தடவை கேட்டும் அவருக்குக் கேள்வியே புரியவில்லை. கடைசியில் நான்தான் கேட்டேன்: 'அய்யனார் கோவில் போயிட்டு வர்றப்ப?'

'அதான் அன்னைக்கே போட்டேனே' என்றார். 'உங்க அப்பாவே ஆடுனாரே.'

ஷீட்டில் புதிதாக ஒரு காலம் சேர்த்து 'விசேஷம்' என்று தலைப்பு வைத்திருக்கிறேன். இருநூற்றுச் சொச்சம் வாரங்களில் இதுவரை முப்பது வாரங்களுக்குத்தான் என்னால் நிரப்ப முடிந்திருக்கிறது. மீதி வாரங்களில் அந்தப் பாட்டுகளை எங்கே, யாரோடு கேட்டேன் என்று ஞாபகமே இல்லை.